அடித்தவர் காணாமற்போகும் வாக்கியங்கள்: ஒரு பயிற்சி வகுப்பின் மதிப்பீடு

வீட்டில் வன்முறைக்கு உள்ளாகும் தாய்மார்கள் சொல்வதை எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவு செய்வது என்று ஆற்றுப்படுத்துநர்களுக்குக் கற்பிக்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். ஆறு அமர்வுகளில் இரண்டாவதற்காகவே இதில் சேரலாம்.

அந்த அமர்வில், "தம்பதியரிடையே தகராறு ஏற்பட்டது; பிள்ளைகளைப் பாதுகாக்கத் தாய் தவறினார்" என்ற மாதிரிக் குறிப்பை, செய்தவரை எழுவாயாக்கித் திருத்தச் சொன்னார்கள். "பிள்ளைகள் எதிரில் கணவர் மனைவியின் கழுத்தை நெரித்தார், விடுபட்டதும் மனைவி பிள்ளைகளை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்" என்று எழுதிய பிறகுதான், முதல் குறிப்பில் தாக்கியவரே இல்லை என்பதும், தாய் கொடுத்த பாதுகாப்பு அவருடைய தவறாகப் பதிவாகியிருந்தது என்பதும் புலப்பட்டன. தமிழில் இந்தச் சிக்கல் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது: "அடி வாங்கினாள்" என்னும்போது அடிபட்டவளே எழுவாயாகிவிடுகிறாள்; "கை நீட்டிவிட்டார்" என்னும்போது அடியே மறைந்துபோகிறது. பாடம் இதைத் தொடவே இல்லை. வேற்றுமொழிப் பாடத்தைத் தமிழாக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் டுலூத் நகரில் 1984இல், வன்முறையை அனுபவித்த பெண்கள் சொன்னவற்றிலிருந்து உருவான 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்ற சக்கர வடிவ விளக்கப்படத்தை மூன்றாம் அமர்வு விளக்குகிறது. பிள்ளைகளைக் கருவியாக்குதல், பணத்தைக் கட்டுப்படுத்துதல், நடந்ததைச் சிறிதாக்கிப் பேசுதல் ஆகியவையும் அதில் இடம்பெறுகின்றன. வன்முறை என்றால் பலருக்கும் அடி மட்டுமே என்பதால், "அவர் என்னை அடித்ததில்லை" என்று சொல்லும் தாயிடம், "செலவுக்குப் பணம் கேட்டால் என்ன நடக்கும்?", "பிள்ளைகளைப் பிரித்துவிடுவேன் என்று சொன்னதுண்டா?" என்று கேட்கப் பழக்கியது பயனுள்ளதாக இருந்தது.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிய அமர்வு ஏமாற்றம். பிள்ளைகளையோ உறவினர்களையோ மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பதோடு நின்றுவிட்டது. "மிரட்டினார்" என்று தாய் சொன்னது "கோபப்பட்டார்" என்று மாறி வந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு விடை இல்லை. பிள்ளைகளை இன்னமும் 'சாட்சிகள்' என்றே பாடம் குறிப்பிடுவதும் பழைய பார்வை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், பெற்றோர்மீது நிகழும் வன்முறையைப் பார்க்கும், கேட்கும் அல்லது அதன் விளைவை அனுபவிக்கும் பிள்ளையையே பாதிக்கப்பட்டவராகக் கருதுகிறது.

இறுதியில் தரப்படும் சொற்பட்டியலில் 'வற்புறுத்தல்சார் கட்டுப்பாடு' என்று ஒரு தொடர் இருக்கிறது. "எதைச் செய்தாலும் அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்" என்று தாய்மார்கள் சொல்வதை அதன் பக்கத்தில் நானே பேனாவால் எழுதிக்கொண்டேன்.