"சோக் வைத்தாச்சு" என்று திருப்பிக் கொடுத்த குழல்: எச்சரிக்கை

வெட்டிக் குட்டையாக்கிய பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு மறுபடி சோக் (ரவை சிதறாமல் நெருக்கமாகப் போகக் குழல் வாயில் வைக்கும் குறுக்கம்) வைக்கலாமா என்றால், சிலதுக்கு வைக்கலாம், பலதுக்கு முடியாது. முடியாததையும் "வெச்சுடலாம் சார்" என்று வாங்கிப் போடும் பட்டறைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு பழைய 12 போர், டமாஸ்கஸ் குழல், "வலது ஹாஃப், இடது ஃபுல்" (பாதிச் சோக், முழுச் சோக்) என்று எழுதிய சீட்டோடு திரும்பி வந்தது. பிரித்து அளந்தால் இரண்டிலுமே உருப்படியான சோக் இல்லை. இடது குழல் இனி சுடவே லாயக்கில்லை.

முதலில் துப்பாக்கியைப் படிக்க வேண்டும். குழலின் அடிப்பக்கத்தில் "நாட் ஃபார் பால்" (ஒற்றைக் குண்டுக்கு அல்ல) என்ற முத்திரையும், "12பி", அதன் கீழே "14எம்" என்ற முத்திரையும் இருந்தன. 1875 முதல் 1887 வரை பிரிட்டிஷ் பரிசோதனைச் சாலைகள் (துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்து முத்திரை அடிக்கும் இடங்கள்) சோக் உள்ள குழலுக்கு அடித்த முத்திரை இது. உள்விட்டம் 12 போர், வாய் 14 போர் என்று பொருள் (போர் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). 0.729 அங்குலத்திலிருந்து 0.693 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.9 மி.மீ. குறுக்கம். பிறக்கும்போது கிட்டத்தட்ட ஃபுல். இந்த முத்திரையோ, 1887-க்குப் பிறகு வந்த "சோக்" முத்திரையோ இல்லாத அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் துப்பாக்கி என்றால், அதற்குச் சோக்கே இல்லாமல் இருந்திருக்கலாம். 1870-களின் நடுவில்தான் சோக் பரவலானது. இல்லாததை "மீட்டுத் தருகிறேன்" என்று சொல்பவர் முத்திரையைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

வெட்டியதற்கான அடையாளமும் பளிச்சென்று தெரிந்தது. இரட்டைக் குழல்கள் வாய்ப்பக்கம் நெருங்கிக்கொண்டே போகும். முழு நீளத்தில் வாய்கள் ஒன்றையொன்று தொட்டோ தொடும் அளவிலோ இருக்கும். இதில் நடுவே 3 மி.மீ. இடைவெளி, அதில் ஈயம் ஊற்றி அரத்தால் தேய்த்திருந்தது. நீளம் 648 மி.மீ. சோக் இருப்பது குழலின் கடைசி ஓரிரண்டு அங்குலத்தில்தான். அது வெட்டுண்டு போனதோடு, வாயில் இருந்த சதையும், அதாவது சுவரின் தடித்த உலோகமும், போய்விட்டது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சோக் வைக்க இடம் வேண்டும் என்பதற்காக வாய்ப்பக்கம் குழல் கொஞ்சம் தடிமனாக இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால் மெலிந்துவிடும். வெட்டிய குழலின் புது வாய் பெரும்பாலும் அந்த மெலிந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

வலது குழலுக்கு வருவோம். கேஜ் போட்டால் "ஹாஃப்" என்றே காட்டியது: உள்விட்டம் 18.55, வாய் 18.05, அரை மி.மீ. குறுக்கம். ஆனால் வாயிலிருந்து 10 மி.மீ. உள்ளே மூன்று முனை மைக்ரோமீட்டரை இறக்கினால் மறுபடி 18.55. விளிம்பின் கடைசி 3 மி.மீ.யை மட்டும் கூம்பு அச்சில் வைத்துத் தட்டி உள்ளே மடக்கியிருக்கிறார்கள். வாயில் சொருகும் கூம்புக் கேஜ் வாயின் விட்டத்தை மட்டும்தான் அளக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சோக் என்பது சரிந்து இறங்கும் கூம்பும், அதற்கு முன்னால் நேரான ஒரு பகுதியும் சேர்ந்தது. ரவைக் கூட்டம் அந்தச் சரிவில் படிப்படியாக ஒடுங்க வேண்டும். 3 மி.மீ. உதட்டில் அது ஒடுங்காது, மோதும். ஓர ரவைகள் நசுங்கி விலகிப் போகும். டமாஸ்கஸ் என்பது இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த நாடா. குளிர்ந்த நிலையில் தட்டினால் நாடா சேரும் கோட்டில் பிளக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விளிம்பில் இரண்டு மயிரிழை விரிசல்கள்.

இடது குழல் இதைவிட மோசம். கேஜ் அதில் "சிலிண்டர்", அதாவது சோக்கே இல்லாத நேர்க்குழல், என்று காட்டியது. பட்டறையில் கேட்டதற்கு, "அது ஜக் சோக், கேஜில் தெரியாது" என்று பதில். அந்தப் பதில் உண்மைதான், அதனால்தான் ஏமாற்றுவது எளிது. ஜக் சோக்கில் வாயை விட்டுவிட்டு, 20–25 மி.மீ. உள்ளே தொடங்கி ஏறத்தாழ 75 மி.மீ. நீளத்துக்கு உள்விட்டத்தைக் கூட்டி ஒரு பள்ளம் எடுப்பார்கள். ரவை பள்ளத்தில் விரிந்து, வாயில் மறுபடி ஒடுங்கும். ஆனால் இந்த முறையில் நியாயமாக எதிர்பார்க்கக் கூடியது ஹாஃப் வரைதான். "ஃபுல்" என்று எழுதித் தந்ததே பொய்.

பள்ளத்தில் விட்டம் 19.05. அரை மி.மீ. கூட்டியிருக்கிறார்கள், அதாவது சுவரில் பக்கத்துக்கு 0.25 மி.மீ. போகும். பழைய குழலில் உள்துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருக்காது. இதில் பள்ளத்துக்குப் பின்னால் மேல்பக்கச் சுவர் 0.88, வெளிப்பக்கம் 0.62. கணக்குப்படி வெளிப்பக்கம் 0.37 மிஞ்ச வேண்டும். அளந்தால் 0.31. கருவி மெலிந்த பக்கமாகவே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 0.5 மி.மீ.க்குக் கீழே போன சுவரை எந்தப் பொறுப்பான துப்பாக்கித் தச்சரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார். பள்ளத்தின் இரண்டு ஓரமும் சரிவு இல்லாமல் படி போல நிற்கிறது. வாட் (தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) அதில் சிக்கிக் கிழியும், ஈயம் ஒட்டும்.

வலது குழலை விளிம்பு சீராக்கும் முன் யாரும் சுட வேண்டாம் என்றே சொல்வோம். இருந்தும் நாங்கள் தூரத்திலிருந்து விசையைக் கயிறு கட்டி இழுத்துச் சுட்டு, ரவை விழுவதைத் தாளில் பார்த்ததற்குக் காரணம், பட்டறையோடு வாதாடக் கையில் எண் வேண்டும் என்பதுதான். 40 கெஜம், அதாவது 36.6 மீட்டரில், அடர்த்தியான இடத்தை மையமாக வைத்து, சுட்ட பிறகு 30 அங்குல (76 செ.மீ.) வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ண வேண்டும். அதே பெட்டியில் ஒரு தோட்டாவைப் பிரித்து ரவையை எண்ணிக்கொண்டால் விகிதம் கிடைக்கும். சிலிண்டருக்கு 40 சதவீதம், ஹாஃபுக்கு 60, ஃபுல்லுக்கு 70 என்பது பழைய கணக்கு. வலது குழலில் ஐந்து தாளின் சராசரி 41 சதவீதம். காசு கொடுத்துச் சிலிண்டரிலிருந்து சிலிண்டருக்கே வந்திருக்கிறது.

கடைசி அடி மெருகில். குழலைக் கறுப்பாக்க, கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். இரண்டு குழலையும் ரிப்பையும் (குழல்களுக்கு நடுவே நீளமாக ஓடும் பட்டை) பிடித்திருப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று. காரம் அதைத் தின்னும். உள்ளே புகுந்த உப்பு வெளியே வராமல் ரிப்புக்கு அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டினால் மணி போல நீளமாக ஒலிக்க வேண்டும். இது "டப்" என்றது. ரிப் விட்டுவிட்டது. ஈயப் பற்று உள்ள குழலுக்கு மெதுவாகத் துருவேற்றித் தேய்க்கும் பழைய முறைதான். டமாஸ்கஸின் கோலமும் அதில்தான் தெரியும்.

திருகு சோக் (குழல் வாயில் மரை வெட்டித் திருகிப் போடும் தனிச் சோக்) போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 12 போருக்குப் பரவலாக உள்ள ஒரு மரையின் விட்டம் 13/16 அங்குலம், 20.6 மி.மீ. இந்தக் குழலின் வெளிவிட்டம் வாயில் 20 மி.மீ.தான். மரை வெட்டினால் வெளியே வந்துவிடும். சதை இருக்கும் குழலில்கூட, மரையை உள்துளையின் மையத்துக்கு வெட்ட வேண்டும், வெளிவட்டத்துக்கு அல்ல. 60 மி.மீ. சோக்கின் நுனி 0.1 மி.மீ. சாய்ந்தாலே 40 கெஜத்தில் ஏறத்தாழ 6 செ.மீ. விலகும்.

எனவே குழலைக் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வாயிலிருந்து ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் சுவர்த் தடிமன், குறைந்தது மூன்று பக்கம். எந்த முறை, எவ்வளவு உலோகம் போகும், எவ்வளவு மிஞ்சும். எந்த மெருகு. திருப்பித் தரும்போது ஒவ்வொரு குழலுக்கும் ஐந்து தாள். சுவர் அளக்கும் கேஜ் இல்லாத பட்டறை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அதெல்லாம் "கைக்கணக்கு" என்று சொன்னாலும்தான்.

இந்தத் துப்பாக்கிக்கு இனி என்ன வழி? பள்ளத்தையே வெட்டி எறியலாம் என்றால் இன்னும் 100 மி.மீ. போகும், 548-க்கு இறங்கும். பிரிட்டனில் 24 அங்குலம் (610 மி.மீ.), அமெரிக்காவில் 18 அங்குலம் என்று சட்டத்திலேயே எல்லை இருக்கிறது. உரிமத்தில் எழுதிய நீளத்தையும் பார்க்க வேண்டும். மிஞ்சியது ஸ்லீவ் போடுவது: அறைப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் குழல்களைச் செருகி, வேண்டிய சோக்கை அதில் துளைத்து, மறு பரிசோதனைக்கு அனுப்பி, ஸ்லீவ் போட்டது என்று முத்திரை வாங்குவது. டமாஸ்கஸ் கோலம் போய்விடும். அது பிடிக்காவிட்டால், அறையில் தோட்டா நுழையாதபடி அடைப்புப் போட்டுச் சுவரில் மாட்டிவிடுங்கள்.