கேமரா இன்ஸ்பெக்ஷன் மெஷின் வாங்கப் போகிறீர்களா? 80 சதவீதம் போன கதை இது

கோபம் இன்னும் ஆறவில்லை, கோர்வையாக வருமா தெரியாது. உற்பத்தி லைனில் ஓடும் பாகங்களைக் கேமராவால் சோதிக்கும் மெஷினுக்கு, விலையில் 80 சதவீதத்தை முன்பணமாகக் கட்டினோம். விற்றவர்கள் கேமரா ஓரிடம், லைட் ஓரிடம், சாஃப்ட்வேர் வேறிடம் என்று வாங்கி ஒட்டவைத்து, மேலே 'ஏஐ' ஸ்டிக்கர் ஒட்டித் தரும் ஆட்கள்.

எங்கள் பாகம் பளபளக்கும் ஸ்டீல் மூடி. பிடிக்க வேண்டியது 0.1 மி.மீ. கீறல். டெமோவில் எங்கள் ரிஜெக்ட் பீஸ் ஒன்றை வாங்கி, துணியால் துடைத்து, கேமராவுக்கு அடியில் வைத்து, விரலால் லேசாகத் திருப்பினார் அவர்களுடைய ஆள். திரையில் கீறலைச் சுற்றிப் பளிச்சென்று சிவப்புக் கட்டம். "லைன்லயும் இதேதான் சார்" என்றார். அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினோம். மறுநாளே 80 சதவீதம் போய்விட்டது.

லைனில் யாரும் மூடியைத் துடைத்துத் திருப்பி வைப்பதில்லை. அது நொடிக்கு 500 மி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அவர்கள் வைத்த எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா ஒளி வாங்கும் நேரம், 2 மில்லி நொடி. பெருக்கிப் பாருங்கள், ஒரு படம் எடுப்பதற்குள் மூடி 1 மி.மீ. நகர்ந்துவிடும். ஓட்டத்துக்குக் குறுக்கே விழுந்த கீறல் பத்து மடங்கு இழுபட்டுக் கரைந்துபோகும். 120 மி.மீ. அகலத்துக்கு 1280 பிக்சல் கேமரா, அதாவது ஒரு பிக்சலே கிட்டத்தட்ட 0.094 மி.மீ. ஒரு குறையை நம்பிப் பிடிக்க அதன் மேல் மூன்று நான்கு பிக்சலாவது விழ வேண்டும், இங்கே ஒன்றுதான். போதாக்குறைக்கு ரோலிங் ஷட்டர். வரிவரியாகப் படிக்கிற சென்சார் என்பதால் வட்ட மூடி கோணிக்கொண்டு வந்தது. இந்தக் கணக்கெல்லாம் விற்கிறவருக்குத் தெரியாதா என்ன?

போன் செய்தால் முதலில் "பீஸ்ல எண்ணெய் இருக்கு" என்றார்கள். அப்புறம் "கன்வேயர் அதிருது". அப்புறம் "மேல இருக்கிற டியூப் லைட்டை அணைச்சுப் பாருங்க". கடைசியில் "மாடல் இன்னும் கத்துக்கணும், ஆயிரம் டிஃபெக்ட் படம் அனுப்புங்க". ஆயிரம் கீறல் பீஸ் கையில் இருந்தால் மெஷினா வாங்குவோம், லைனையே அல்லவா நிறுத்தியிருப்போம்!

மெஷின் நல்ல பீஸையும் தள்ளுகிறது என்று சத்தம் போட்டதும் தூரத்திலிருந்தே சென்சிட்டிவிட்டியைக் குறைத்துவிட்டு "ஓகே சார், டிக்கெட் க்ளோஸ்" என்றார்கள். உண்மைதான், அதற்கப்புறம் ரிஜெக்டே இல்லை. கீறல் விழுந்த பீஸும் பாஸ். வாடிக்கையாளர் பெட்டியைத் திருப்பி அனுப்பினார். செட்டிங்கை நாமே மாற்றலாம் என்றால் பாஸ்வேர்டு அவர்களிடம். கேட்டால் "பாக்கி 20 சதவீதம் வந்தாதான் இன்ஜினியர் வருவார்" என்கிறார்கள். 80 சதவீதத்தை விழுங்கிவிட்டு!

வாங்குகிறவர்களுக்கு விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டெமோவை உங்கள் வேகத்தில், துடைக்காத பீஸில் ஓட்டச் சொல்லுங்கள். நல்லதும் கெட்டதும் கலந்து, எது எது என்று சொல்லாமல் கொடுங்கள். ஓடும் பாகத்துக்கு, முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டரும், கண நேரம் மட்டும் பளிச்சிடும் ஸ்ட்ரோப் லைட்டும் கேளுங்கள். எத்தனை நல்லதைத் தள்ளலாம், எத்தனை கெட்டதை விடலாம் என்பது ஆர்டரிலேயே எண்ணாக இருக்கட்டும். பெரிய தொகை லைனில் ஓட்டிக் காட்டிய பிறகுதான். பாஸ்வேர்டையும் எழுதி வாங்குங்கள். இன்னொரு ரிட்டர்ன் பெட்டி வந்திருக்கிறதாம், போய்ப் பார்க்க வேண்டும்.