ஊட்டியில் வாடகை பைக், எமரால்டு அணை வரை: காசுக்குத் தகுமா?

கோவையிலிருந்து ஒரே நாளில் போய்வர ஒரு அணை சொல்லுங்கள் என்றால் ஆளுக்காள் ஆழியாறு என்பார்கள், மலைமேல் வேண்டும் என்றால் பைக்காரா என்பார்கள். நான் எமரால்டைச் சொல்வேன், அதுவும் சொந்த வண்டியில் இல்லை, விடியற்காலை பஸ்ஸில் ஊட்டி ஏறி அங்கே பைக் வாடகைக்கு எடுத்து. வீட்டில் வண்டி நிற்கும்போது எதற்கு வாடகை என்று கூட வந்த அத்தை மகன் முதலில் முனகத்தான் செய்தான். வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். அது கூடப் பரவாயில்லை, ஆன்லைனில் எடுத்துவிடலாம். மேட்டுப்பாளையம் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரிக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டே ஏறி, சாயங்காலம் கை வலிக்க வலிக்க அதே வழியில் இறங்க வேண்டுமே, அதுதான் கஷ்டம். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனால் ஊட்டியில் இறங்கும்போது உடம்பில் தெம்பு மிச்சம் இருக்கும். எமரால்டு ரோட்டுக்கு அது வேண்டும்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஊட்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இது மாதிரி கடைகள் நிறைய இருக்கின்றன. எதில் எடுத்தாலும் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை நூறு இருநூறு குறைத்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம், வழியில் விழுந்து எழுந்தால் இன்சூரன்ஸ்காரனிடம் பதில் சொல்ல முடியாது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஸ்கூட்டரைத்தான் வெளியே தள்ளினார். "அண்ணா, கியர் வண்டி கொடுங்க" என்றதற்கு, "எமரால்டுக்குத்தானே தம்பி, ஸ்கூட்டியே போதும்" என்றார். போதாது. ஏறும்போது இரண்டு பேரை இழுக்கத் திணறும் என்பதைக் கூட விடுங்கள், இறக்கத்தில் ஸ்கூட்டருக்கு பிரேக்கை விட்டால் வேறு வழி இல்லை, பிடித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிப்பு குறைந்துவிடும். கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஒரு 150 சிசி வண்டி கிடைத்தது. நாள் வாடகை ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. இன்ஜின் நன்றாக இருந்தது, செயின் தொங்கிக்கொண்டிருந்தது, சொன்னதும் அங்கேயே இறுக்கிக் கொடுத்தார்கள், அது நல்ல விஷயம். ஹெல்மெட்தான் மட்டம். ஒன்றில் முகக் கண்ணாடி முழுக்கக் கீறல், இன்னொன்றில் கண்ணாடியே இல்லை. ஊட்டிக் குளிரில் காற்று கண்ணில் அடிக்க அடிக்க ஓட்டிப் பாருங்கள், அப்புறம் வீட்டு ஹெல்மெட்டை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவது பெரிய பாரமாகத் தெரியாது.

சரி, ரோடு. எனக்கு இந்தப் பயணத்தில் அணையைவிட ரோடுதான் பிடித்தது. ஊட்டியிலிருந்து எமரால்டு 25 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் யாரும் ஒரே மூச்சில் போக மாட்டார்கள். முத்தொரை பாலாடா பக்கம் வந்ததும் ஊட்டியின் கூட்டமும் ஹாரனும் சட்டென்று அறுந்துபோகும். இருபக்கமும் கேரட், உருளை, முட்டைக்கோஸ், பூண்டு, படிப்படியாகச் சரிவு முழுக்க. கேரட்டை மிஷினில் போட்டுக் கழுவி மூட்டை கட்டி லாரியில் ஏற்றும் இடங்கள் வழியிலேயே வரும், அங்கே ரோடு ஈரமாகவும் சேறாகவும் இருக்கும், வளைவில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஹட்டி எனும் படகர் ஊர்கள், தேயிலை, நடுவில் ஒரு துண்டு சோலைக்காடு என்று மாறி மாறி வரும். காட்டெருமை ரோட்டோரம் நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளியே நில்லுங்கள், அதுவாகப் போகும்.

அணையைப் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், சுற்றுலாத் தலம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். படகு இல்லை, பூங்கா இல்லை. மின்வாரியத்தின் இடம், நினைத்த இடத்தில் நடக்கவும் முடியாது, தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள், கரை சடாரென்று ஆழமாகும். ஆனால் அந்த நீர்ப்பரப்பு! எமரால்டும் அவலாஞ்சியும் பெயருக்கு இரண்டு அணை, நீர்த்தேக்கம் ஒன்றோடொன்று சேர்ந்தது. நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டத்தின் பகுதி இது. இங்கிருந்து விழும் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி என்று ஒவ்வொரு பவர் ஹவுஸாகச் சுற்றிவிட்டு பில்லூருக்குப் போகிறது, அந்தப் பில்லூரிலிருந்துதான் கோவைக்குக் குடிநீர் வருகிறது. எங்கள் வீட்டுக் குழாயின் மறுமுனையில் நின்று போட்டோ எடுக்கிறோம் என்று அத்தை மகனிடம் சொன்னேன், அப்போ இங்கேயே இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போய்விடலாம், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்றான்.

அப்படியே அவலாஞ்சி வரை போகலாம், ஆனால் பைக் வனத்துறை கேட் வரைக்கும்தான். அதற்கு மேல் அவர்கள் வண்டியில் டிக்கெட் எடுத்து ஏற வேண்டும், காலிஃபிளவர் சோலை, பவானி அம்மன் கோயில் எல்லாம் காட்டிக் கூட்டி வருவார்கள். அது தனிச் செலவு, காத்திருக்கும் நேரமும் தனி. மாலை பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டிலேயே திரும்பி எமரால்டு பஜாரில் டீயும் சூடான மிளகாய் பஜ்ஜியும் சாப்பிட்டோம், வருத்தமில்லை. பாட்டில் தண்ணீர் இந்த மாவட்டத்தில் தடை, வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வேண்டாம். 2019 ஆகஸ்டில் இதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த அளவு இல்லாவிட்டாலும், சாதாரண தென்மேற்குப் பருவமழையிலேயே மண் சரிந்து ரோடு அடைபடும், மூடுபனியில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு கூடத் தெரியாது. அக்டோபர் நடுவில் ஒரு வெயில் நாள், இல்லையென்றால் பனி கொட்டும் ஜனவரி பகல், இரண்டும் நல்லது. கோடையிலும் போகலாம், தண்ணீர் இறங்கிச் செம்மண் கரை வெளியே தெரியும், அவ்வளவுதான்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சின்னக் கசப்பு. சைலன்சர் பக்கம் ஒரு கீறலைக் காட்டி டெபாசிட்டில் பிடிக்கிறேன் என்றார்கள். காலையில் எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி போனில் வீடியோ எடுத்திருந்தோம், போட்டுக் காட்டியதும் பேச்சில்லாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தடவையும் அதே கடையில்தான் எடுப்பேன், வீடியோவோடும் என் சொந்த ஹெல்மெட்டோடும்.