ரேனாக்ஸ் டிசிஆர்-250: பூவுக்குத் தாராளமாக வாங்கலாம், நத்தைக்குக் கொஞ்சம் யோசியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடு, உடம்பு, கொம்பு எல்லாம் தெரிகிற மாதிரி முழு நத்தையையும் ஒரே படத்தில் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த லென்ஸ் சரிப்படாது. அவர்கள் இதே கம்பெனியின் டிசிஆர்-150ஐ வாங்கிக்கொள்ளட்டும். வேலியோரத்தில் யாரும் குனிந்துகூடப் பார்க்காத புல் பூண்டுகளின் பூவை எடுக்க வேண்டுமா, அதற்கு இந்த விலையில் இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரிந்து இல்லை.

இது தனி லென்ஸ் கிடையாது. கையில் இருக்கிற ஜூம் லென்ஸின் வாயில் மாட்டிக்கொள்கிற பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். ஆனால் ஒற்றைக் கண்ணாடி இல்லை, உள்ளே மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன, அதனால் மலிவான குளோசப் ஃபில்டர்களில் வருகிற ஊதா, பச்சை ஓரக்கோடுகள் இதில் கண்ணை உறுத்துவதில்லை. கூடவே ஒரு கிளிப் தருகிறார்கள், இரண்டு பக்கமும் அழுத்தி மாட்டினால் 52 முதல் 67 மி.மீ. வரை உள்ள லென்ஸ்களில் கவ்விக்கொள்ளும். நான் மாட்டுவது கேனான் 55-250 எஸ்டிஎம்மில், அதன் வாய் 58. மாட்டவும் கழற்றவும் ஒரு நொடி போதும், அதனால் நத்தையை எடுத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே மீன்கொத்தி வந்து உட்கார்ந்தால் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அதையும் எடுத்துவிடலாம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபில் இந்தச் சௌகரியம் கிடையாது, தவிர டியூப் போட்டால் வெளிச்சமும் குறையும், இதில் குறையாது.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் 250ஆ 150ஆ என்கிற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. 250இன் பவர் 8 டயாப்டர், அதாவது குவியத் தொலைவு 125 மி.மீ. கேமரா லென்ஸை 250 மி.மீ.க்கு இழுத்து, ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் 250ஐ 125ஆல் வகுத்து இரண்டு மடங்கு உருப்பெருக்கம், அதாவது பொருளின் பிம்பம் சென்சாரில் இரு மடங்கு பெரிதாக விழும். என் கேமராவின் சென்சார் அகலம் சுமார் 22 மி.மீ., ஆகவே படத்துக்குள் அடங்குவது 11 மி.மீ. மட்டும். ஜூமை 125க்குக் குறைத்தால் 22 மி.மீ. அடங்கும். அதற்கும் கீழே 55 பக்கமாகப் போனால் படத்தின் மூலைகள் கறுத்துவிடுகின்றன. 150இன் பவர் 4.8 டயாப்டர்தான், ஜூமை அதே 125இல் வைத்தால் சுமார் 37 மி.மீ. அடங்கும், பொருளிலிருந்து இருபது சென்டிமீட்டர் தள்ளியும் நிற்கலாம்.

இப்போது நம் ஊர் நத்தைக்கு வருவோம். மழை பிடித்துவிட்டால் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பின்கட்டுச் சுவரைப் பாருங்கள், ஆப்பிரிக்க நத்தை அப்பிக்கொண்டிருக்கும். 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது, பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதைக் கண்டாலே எரிச்சல். அது சுவரில் ஏறுவது சும்மா இல்லை, ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், நம் பழைய வீடுகளின் சுவரிலோ சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம்? அரம் மாதிரியான நாக்கால் பாசியோடு சேர்த்துக் காரையையும் சுரண்டுகிறது. அந்த நாக்கு போன தடத்தை, பச்சைப் பாசிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வளைந்து போகும் கீறல்களை, 250 அருமையாகக் காட்டுகிறது. மேல் கொம்பின் நுனியில் இருக்கும் கண்ணையும் அப்படித்தான், கரும்புள்ளி தனியாகத் தெரியும். ஆனால் விரலைவிட நீளமான உயிரினத்தை 11 மி.மீ. சட்டத்துக்குள் எடுத்தால் கொம்பு வரும், இல்லையென்றால் உதடு வரும். பார்க்கிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள்.

அதோடு ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகக் கூர்மையாகத் தெரிகிற தூரம். இரண்டு மடங்கில் லென்ஸின் துவாரத்தை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஒரு கண் கூர்மையாக இருந்தால் அடுத்த கண் மங்கிவிடும். நத்தை மெதுவாகத்தானே போகிறது என்று நினைப்போம், இந்த உருப்பெருக்கத்தில் அது ஓடுகிற மாதிரி இருக்கும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்து, கண் தெளிகிற கணத்தில் அழுத்துவதுதான் வழி. வெயில் காலத்தில் அது ஓட்டு வாயை ஒரு வெள்ளைச் சவ்வால் மூடிக்கொண்டு மரத்திலும் சுவரிலும் ஒட்டியபடி தூங்கும், பழகிக்கொள்ள அதுதான் தோதான மாடல்.

பூண்டுகளுக்கு வந்தால் கதையே வேறு. செம்மண் பொட்டலில் காலையில் விரியும் விஷ்ணுகிராந்தி, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத நீலப் பூ, சட்டத்தில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பகல் ஏறினால் மூடிக்கொள்ளும் என்பதால் காலையிலேயே போக வேண்டும். குப்பைமேனியைப் பூ என்று யாராவது நின்று பார்த்திருப்போமா? பல் பல்லான பச்சைக் கிண்ணத்துக்குள்ளிருந்து சிவப்பு இழைகள் கிளை விட்டு நிற்பதை இதில் பார்த்த பிறகு அதைக் களை என்று பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபூளையின் பஞ்சு, தும்பைப் பூவின் மேலுதட்டு ரோமம், அம்மான் பச்சரிசியின் கடுகளவுப் பூக்கொத்து என்று எதை எடுத்தாலும் 250இன் முழு பலமும் தேவைப்படுகிறது, 150 அங்கே பற்றாது. காற்று மட்டும் எதிரி. செடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்குத் தனிச் செலவு உண்டு, இதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் இடைவெளி, கேமராவில் இருக்கிற ஃபிளாஷ் அடித்தால் லென்ஸின் நிழலே மேலே விழுகிறது. தனி ஃபிளாஷ் வேண்டும், அதற்கு முன்னால் பட்டர் பேப்பரை வளைத்துக் கட்ட வேண்டும். நத்தையின் ஈர உடம்பில் நேரடி வெளிச்சம் பட்டால் வெள்ளைத் திட்டுகளாகப் பளபளத்துப் படம் வீணாகிவிடும், பேப்பர் கட்டினால் அந்தத் திட்டுகள் மெத்தென்று பரவிவிடும். ஃபிளாஷ் வாங்க யோசிப்பவர்கள் மேகமூட்டமான நாளில் பூவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஃபோனில் மாட்டுகிற முந்நூறு ரூபாய் கிளிப் லென்ஸ் போதாதா என்று கேட்கிறார்கள். பழக்கத்துக்குப் போதும். ஆனால் பொருளை ஒட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, ஃபோனின் நிழல் விழுகிறது, நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இந்தப் பக்கம் படம் எடுக்க வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பூட்டிய வீட்டுத் தோட்டத்துக்குள் காவல்காரரிடம் கேட்காமல் போகாதீர்கள். "வீட்டை எடுக்காம நத்தையவா எடுக்கிறீக?" என்று சிரிப்பார்கள், ஆனால் விடுவார்கள். அப்புறம், ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள், மூளையைப் பாதிக்கிற ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. சேற்றுக்குப் பயந்து லென்ஸுக்கு மூடி வாங்குகிறவர்கள் கைக்கு ஒரு ஜோடி கையுறையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று குறைவது நத்தைக்காக. இரண்டையும் வாங்க வசதி இருந்தால் ஐப்பசி மழைக்கு 150, மழை விட்டுப் பூண்டுகள் பூக்கும் மார்கழி, தைக்கு 250. ஒன்றுதான் முடியும் என்றால், என் ஓட்டு 250க்கு.