ஏரி மீன்: சின்னதா, பெரியதா?

ஏரியில் பிடித்ததில் எதைச் சமைக்கலாம் என்றால், என் ஓட்டு சின்ன மீனுக்குத்தான். பெரிய மீனில் சதை அதிகம், முள்ளெடுப்பதும் சுலபம். சரி, ஆனால் மற்ற மீன்களைத் தின்று பல வருடம் வாழ்ந்த மீனின் உடலில் மெத்தில் பாதரசம் என்ற நச்சு சேர்ந்துகொண்டே போகும். அது சதையிலேயே தங்குவதால் கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. பிசிபி போன்ற தொழிற்சாலை ரசாயனங்கள் கொழுப்பில் தங்குபவை. தோலையும் கொழுப்பையும் நீக்கினால் ஓரளவு குறையும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பெரியதைத் தவிர்ப்பது நல்லது.

சின்ன மீனுக்கு வயது குறைவு, பாதரசமும் குறைவு. மண்வாடை இரண்டிலும் வரலாம். காரணம் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள், கொஞ்சம் புளிப்பு சேர்த்தால் அடங்கும். அப்புறம், தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் இரண்டுமே வேண்டாம். அந்தப் பாசியின் நச்சு சமைத்தாலும் அழியாது.