சீனியின் சாய்பலகை: இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

2022 தீபாவளி இரவு, தெருவில் வெடித்த பட்டாசுக்குப் பயந்து எங்கள் நாய் சீனி சோபாவிலிருந்து தாவினான். டைல்ஸ் தரையில் முன்கால் இரண்டும் வழுக்கி நெஞ்சு மோதியது. ஒரே ஒரு முறைதான் கத்தினான். மறுநாள் காலை முதுகைக் கூனிக்கொண்டு நின்றவனைத் தூக்கப் போனால் உடம்பெல்லாம் நடுக்கம். டாக்டர் பார்த்துவிட்டு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டில் (டிஸ்க்) அடி என்றார். மருந்தோடு ஆறு வாரம் கூண்டுக்குள்ளேயே ஓய்வு. நல்லவேளை, பின்னங்கால்கள் செயலிழக்கவில்லை.

சீனி டாக்ஸ்ஹண்ட் வகை, 9 கிலோ. அந்தக் குட்டைக் காலுக்குக் காரணமான மரபணுவே முதுகு வட்டுகளையும் இளவயதிலேயே கெட்டியாக்கிவிடுமாம். ஏறுவதைவிட, குதித்து இறங்குவதுதான் ஆபத்து. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இன்றும் அந்த வருத்தம் உண்டு.

முதலில் இணையத்தில் 90 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஸ்பாஞ்ச் படிக்கட்டு ஒன்று வாங்கினோம். மூன்று படி. வந்த புதிதில் அழகாகத்தான் இருந்தது. நான்கு மாதத்தில் மேல்படியின் ஓரம் அமுங்கி, கால் வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு நாள் அது ஆடியதும் சீனி பின்வாங்கிவிட்டான். அதற்குப் பிறகு கோழித்துண்டை மேலே வைத்துக் கூப்பிட்டாலும் வரவில்லை. எடை குறைந்த பூனைக்கு அது போதுமாக இருக்கலாம். முதுகு நீண்ட நாய்க்கு நான் சொல்லமாட்டேன்.

அப்புறம்தான் கோலாலம்பூர் செந்தூலில் எங்களுக்குத் தெரிந்த தச்சரிடம் போனோம். சோபா 45 செ.மீ. உயரம். அதில் ஏறி இறங்க, முதலில் 90 செ.மீ. பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். சரிவு 30 டிகிரி. ஏறினான், ஆனால் இறங்கும்போது பாதியிலேயே குதித்தான். பலகையை 135 செ.மீ. ஆக்கியதும் சரிவு 20 டிகிரிக்குள் வந்தது, குதிப்பது நின்றது. உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் இடத்தை அடைக்கும்தான். அதற்காக நீளத்தைக் குறைக்காதீர்கள்.

பிடிமானம் அடுத்த பாடம். தச்சர் ஒட்டிக்கொடுத்த கார்ப்பெட் வருடக் கடைசி மழையில் ஈரம் ஏறி, பசை விட்டு, நாற ஆரம்பித்தது. அதைப் பிய்த்துவிட்டு யோகா பாயை வெட்டி ஒட்டினேன்; ஓரங்களில் சின்ன ஆணி. கழுவலாம், காய வைக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். பலகையின் அடியில் ரப்பர் துண்டு கட்டாயம், இல்லாவிட்டால் டைல்ஸில் பலகையே நழுவும். இறங்கி வந்து கால் வைக்கும் இடத்திலும் ஒரு பாய் போட்டிருக்கிறோம். உள்ளங்கால் முடியையும் நகத்தையும் வெட்டாமல் விட்டால் இத்தனை ஏற்பாடும் வீண்.

பழக்கியது அம்மாதான். முதல் வாரம் பலகையைத் தரையில் படுக்கப் போட்டு அதன்மேல் நடக்க விட்டார். அடுத்து ஒரு முனைக்கு இரண்டு புத்தகம். பத்து நாளில் சோபா உயரம். "மெதுவாடா சீனி, அவசரமே இல்ல" என்று பக்கத்திலேயே நடப்பார். இன்றும் சீனி இறங்கும்போது ஒரு தரம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பான்.

மாடிப்படிக்கு வழியே இல்லை. ஒரு படி ஏறக்குறைய 18 செ.மீ.; அவன் தோள் உயரமே 20 தான். குழந்தைகளுக்கான தடுப்புக் கதவை கீழே ஒன்று, மேலே ஒன்று போட்டுவிட்டோம். மாடிக்குத் தூக்கித்தான் போகிறோம்: ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கி, முதுகு வளையாமல். கட்டிலின் காலையும் 15 செ.மீ. அறுத்துவிட்டோம், இப்போது அதுவும் சோபா உயரம்தான், இரவில் அதே பலகையை மாடிக்குக் கொண்டுபோகிறேன்.

பலகைக்கு 180 வெள்ளி ஆனது. இதுவரை முதுகுவலி திரும்பவில்லை. எடையையும் 9 கிலோவைத் தாண்ட விடவில்லை, அதற்கும் இதில் பங்குண்டு. போன தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தம் ஆரம்பித்ததும் சீனி சோபாவில் எழுந்து நின்றான். நான் ஓடுவதற்குள் பலகை வழியாகவே இறங்கி, சாமி மேடைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான்.