"சத்து மாத்திரை"ன்னு கவர்ல போட்டுத் தந்தா முதல்ல பேரக் கேளுங்க

திருநெல்வேலில தச்சநல்லூர் பக்கம் எலக்ட்ரிக் கடை வச்சிருக்கேன். போன வருஷம் அப்பா போனதுக்கப்புறம் தெனமும் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு தட்டிரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கடைல உக்காந்தா வந்தவன் ஒயர் கேக்கானா பல்பு கேக்கானான்னே மண்டைல ஏறாது. மதினி சொன்னாங்கன்னு டவுன்ல ஒரு கிளினிக்குக்குப் போனேன், பேரு இங்க போடல. ரெண்டு நிமிஷம் கையப் புடிச்சுப் பாத்தாரு, "நரம்பு வீக்கா இருக்கு, சத்து மாத்திரை தாரேன், தீந்தா இங்கனயே வந்து வாங்கிக்கிடுங்க"ன்னாரு. சீட்டு கெடையாது. அட்டையப் பேரு தெரியாம வெட்டி காக்கி கவர்ல போட்டு, ராத்திரிக்கு ஒண்ணுன்னு பேனாவால கிறுக்கி 600 ரூவா வாங்கிட்டாங்க.

முத பத்து நாளு இட்லி வாசனைக்கே குமட்டுச்சி, வேர்த்து ஊத்துச்சி. திரும்பப் போய்க் கேட்டா பித்தம்னுட்டாரு. ஒரு மாசத்துல தூக்கம் வந்துச்சி, மனசும் லேசாச்சி, அத நான் மறைக்கல. ஆனா வீட்டுக்காரி பக்கம் போகவே நாட்டமில்லாமப் போச்சி, எழுதவே கூச்சமாத்தான் இருக்கு, சரி வயசாயிட்டு போலன்னு விட்டுட்டேன்.

அஞ்சு மாசம் கழிச்சு சங்கரன்கோவில்ல தங்கச்சி வீட்டு விசேஷம், மாத்திரை தீந்துட்டு, சத்து மாத்திரதானன்னு நானும் வாங்கல. மூணாம் நாளு தலையத் திருப்புனா மண்டைக்குள்ள சுரீர்னு ஷாக் அடிக்கு. நான் எலக்ட்ரிக்காரன், ஷாக்குன்னா என்னன்னு தெரியும், அதே வெட்டுதான், கண்ண அசச்சாக்கூட அடிக்கு. தூக்கம் போச்சி, கடைப் பையன காரணமே இல்லாம ஏசுனேன் பாவம், ஊருக்குத் திரும்பி ஈரடுக்குப் பாலத்துல பைக்ல போகும்போது கிறுகிறுன்னு வந்து ஓரங்கட்டி உக்காந்துட்டேன். பக்கவாதம்னு பயந்து 6500 ரூவா குடுத்து ஸ்கேன் எடுத்தா எல்லாம் நார்மலாம்.

பொறவு ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரில மனநல ஓபிக்குப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா, என்ன சாப்பிடுதியன்னு கேட்டாங்க. காலிக் கவர உதறுனா ஒரு துண்டு அட்டை விழுந்துச்சி, அதுல பேரோட வால் மட்டும், "பிராம்"னும் பக்கத்துல 0.5ன்னும். "அண்ணாச்சி, இது எஸ்சிட்டலோப்ராமும் குளோனசெபாமும் சேந்த மாத்திரை. முதல்ல உள்ளது மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும், ரெண்டாவது தூக்கத்துக்கு. சத்துமில்ல ஒண்ணுமில்ல"ன்னாங்க.

அவங்க சொன்னத எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்லுதேன். மூளைல ஒரு நரம்பு செரட்டோனின்ங்கிற, சேதி கடத்துற ரசாயனத்த விட்டா வேல முடிஞ்சதும் அதுவே திரும்ப உறிஞ்சிக்கிடும், எஸ்சிட்டலோப்ராம் அந்த உறிஞ்சுறதத் தடுக்கும். தடுக்குறது அன்னைக்கே ஆரம்பிச்சாலும் மூளை அதுக்குத் தக்கன மாறி மனசு தெளிய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகும். ஒடம்புல உள்ள செரட்டோனின்ல முக்காவாசிக்கு மேல குடல்லதான் இருக்காம், அதான் குமட்டல், பித்தமாவது மண்ணாவது. நாட்டம் போனதும் இதனாலதான், சொன்னா மாத்தித் தருவாங்களாம். பட்டுன்னு நிறுத்துனா வாறதுதான் அந்த ஷாக்கு. குளோனசெபாம் ரொம்ப நாள் சாப்பிட்டா ஒடம்பு பழகிரும், திடீர்னு விட்டா சில பேருக்கு வலிப்பே வரும், அதோட சாராயம் சேந்தா மூச்சே மந்தமாயிரும். நான் சனிக்கிழமை கடை அடச்சிட்டு ரெண்டு பெக் போட்டவன், கேட்டதும் கை நடுங்கிட்டு.

அந்தக் கிளினிக் பெஞ்சுல காலேஜ் பிள்ளைங்களும் உக்காந்திருந்துச்சி. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுத சின்ன வயசுக்காரங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடலாம், வீட்டாளுக கூட இருந்து கவனிக்கணும்னு அமெரிக்காவுல 2004லயே மருந்து விவரச் சீட்டுல கட்டம் கட்டி எச்சரிக்கை போட வச்சாங்க, 2007ல அத 24 வயசு வரைக்கும் நீட்டுனாங்க. காக்கி கவர்ல எந்தக் கட்டம் இருக்கு சொல்லுங்க.

இதப் படிச்சிட்டு யாரும் சாப்பிடுத மாத்திரையத் தூக்கிப் போட்டுராதிய, அதத்தான் நான் பண்ணுனேன். காட்ட ஆளில்லன்னா 14416க்குப் போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.

மனசு ஆறாம டவுன் கிளினிக்குக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "பேரச் சொன்னா நீங்க சாப்பிட்டிருப்பியளா?"ன்னு சிரிக்காரு. நெசந்தான், பைத்தியத்துக்குக் குடுக்குறதுன்னு ஓடியிருப்பேன். அதுக்காக, நிறுத்தாதன்னு ஒரு வார்த்தையுமா சொல்லக்கூடாது? இப்ப ஹைகிரவுண்ட்ல கொஞ்சங்கொஞ்சமா கொறச்சிட்டு வாராங்க, அட்டை முழுசாத் தாராங்க, காசும் வாங்கல.